இடையிலே உறங்கிய கொலு

கொள்ளிடத்தின் வடகரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே, ஒரு சிறிய மடம் இருந்தது. தவமணி அம்மை என்னும் துறவி அதன் பொறுப்பை ஏற்றிருந்தார். மழித்த தலை, வெள்ளை நூற்புடவை, கழுத்தில் ஒற்றை உருத்திராக்கம். இவ்வளவே அவருடைய கோலம். வெள்ளிக்கிழமைதோறும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து இல்லறத்தார் சிலர் அவரிடம் பாடம் கேட்க வருவார்கள். பாடம் என்பது பெரும்பாலும் பேசாமல் அமர்ந்திருப்பதுதான்.

அவ்வாறு வருபவர்களுள் மீனலோசனியும் ஒருத்தி. திருவானைக்காவலில் மருந்துக்கடை வைத்திருக்கும் தாயுமானவனின் மனைவி. வயதில் குருவைவிட மூத்தவள். எல்லோருக்கும் முன்னதாக வந்து, பாய்களை உதறி விரித்து, குடிநீர்ப் பானையை நிரப்பிவிட்டுத்தான் அமர்வாள். அமர்ந்த பிறகும் அவளுடைய விரல்கள் புடவை முந்தானையை மடித்துக்கொண்டே இருக்கும்.

மகாளய அமாவாசை நெருங்கிய ஒரு பிற்பகலில், பாடம் இல்லாத நாளில், அவள் மடத்து வாசலில் வந்து நின்றாள். விரல் நுனிகளில் பொம்மைகளுக்குப் பூசிய வண்ணம் உலர்ந்திருந்தது. மணிக்கட்டில் புதிய சூட்டுக்காயம்.

"உட்காருங்க, லோசனி" என்றார் தவமணி அம்மை.

"உட்கார நேரமில்லேம்மா. ஆட்டோ நிக்குது. ஒரே ஒரு கேள்வி."

"கேளுங்க."

"இந்த நவராத்திரி முடியற வரைக்கும் மனசு கலங்காம இருக்கணும். அதுக்கு ஏதாவது மந்திரம் இருந்தாச் சொல்லுங்க. சின்னதா இருந்தாத் தேவலை. வேலை பார்த்துக்கிட்டே சொல்ற மாதிரி."

குரு சிரிக்கவில்லை. "மனசு எதனால கலங்குது?"

"பொண்ணு வரலைன்னுட்டா."

அவளுடைய ஒரே மகள் உமையாள், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துவந்தாள். ஆயுதபூசை விடுமுறைக்கு ஆண்டுதோறும் வீட்டுக்கு வருவது அவள் வழக்கம்.

"ஏன் வரலையாம்?"

"'வந்தா யாரை வந்து பார்க்கறது? கொலு இருக்கும், நீ இருக்க மாட்டே'ங்கறா. பேச்சைப் பாருங்கம்மா! வீட்டை விட்டு நான் எங்கே போறேன்? அடுப்படியிலதானே நின்னு சாகறேன்?"

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"பால் பொங்குது, அப்புறம் பேசறேன்னு போனை வச்சுட்டேன்."

"அப்புறம் பேசினீங்களா?"

லோசனி தலையைக் குனிந்துகொண்டாள். "பேசணும். பரண்லேர்ந்து பெட்டியை இறக்கி, பஞ்சு பிரிச்சு, மூக்கு உடைஞ்சதுக்கெல்லாம் மூக்கு ஒட்டி... நாள் ஓடிப்போச்சு."

"இவ்வளவும் யாருக்காக?"

"வேற யாருக்கு? அவளுக்காகத்தான். அவ சின்னப் பிள்ளையா இருந்தப்ப, படிக்குக் கீழே ஒரு பூங்கா வச்சேன். கண்ணாடித் துண்டைக் குளமா வச்சு, சுத்திக் கடுகு தூவிப் பயிர் வளர்த்து, ரெண்டு வாத்து விட்டேன். பார்த்துட்டுக் கை தட்டி ஆடினா பாருங்க..." அவள் குரல் சற்று இளகியது. "அதனால மறு வருஷம் மலை வச்சேன். அப்புறம் மலைமேல கோயில். கோயிலுக்குச் சீரியல் விளக்கு. இப்ப மலையைக் குடைஞ்சு ரயிலே ஓடுதும்மா."

"ரயிலைப் பார்த்துக் கை தட்டினாளா?"

"அப்ப அவளுக்குப் பத்தாவது பரீட்சை. சரியாப் பார்க்கலை."

வெளியே ஆட்டோ ஒலியெழுப்பியது. லோசனி வாசலைப் பார்த்தாள், குருவைப் பார்த்தாள்.

"ஊரெல்லாம் உங்க வீட்டுக் கொலுவுக்கு வருது. எனக்கு அழைப்பு கிடையாதா?" என்றார் தவமணி அம்மை.

லோசனியின் முகம் மலர்ந்தது. "வரணும்மா! வெள்ளிக்கிழமை வாங்க. அன்னிக்குப் புட்டு நைவேத்தியம்."

"எனக்காக எதுவும் செய்யக்கூடாது. வந்து உங்க பக்கத்தில கொஞ்ச நேரம் உட்காரணும். அவ்வளவுதான்."

"அப்படியே ஆகட்டும்மா" என்றாள்.

ஆட்டோவில் ஏறி அமர்வதற்குள்ளாகவே, குரு வருவதை முன்னிட்டுப் புட்டுடன் பாயசம் வைப்பதா, சர்க்கரைப் பொங்கல் வைப்பதா என்று அவள் எண்ணத் தொடங்கிவிட்டாள். மந்திரம் கேட்டது அவளுக்கு மறந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை, மடத்துப் பாடம் முடிந்த பின், விளக்கு வைப்பதற்குச் சற்று முன்பாகத் தவமணி அம்மை நகரப் பேருந்தில் வந்து இறங்கினார். வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கொலுப்படிகள் உத்தரத்தைத் தொட்டு நின்றன. தசாவதாரம், தலையாட்டிப் பொம்மை, கடை விரித்த செட்டியார், கல்யாண ஊர்வலம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கியடித்து நின்றன. மலையைச் சுற்றி ரயில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

லோசனியின் குரல் மட்டும் அடுப்படியிலிருந்து வந்தது. "வாங்க, வாங்க! உட்காருங்க! இதோ வந்துட்டேன்!"

வந்தவர்கள் உட்காரும் முன்பே அவர்கள் கைக்குச் சுண்டல் வந்தது. சுண்டல் வாய்க்குப் போகும் முன்பே தாம்பூலப் பை வந்தது.

எதிர்வீட்டுச் சௌந்தரம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நம்ம லோசனி வீடு ரயில்வே ஸ்டேஷன்தான் போ. ரயிலும் நிக்காது, வந்தவங்களும் நிக்க முடியாது."

கூடம் சிரித்தது. என்ன பேச்சு என்று கேளாமலே லோசனியும் சிரித்தாள். அவள் தட்டும் பைகளுமாக வரிசையின் தொடக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். கண்கள் தட்டிலேயே இருந்தன. எந்தப் பையில் ரவிக்கைத் துணி இருக்கிறது, எதில் இல்லை என்று பார்க்க வேண்டியிருந்தது.

"எடுத்துக்குங்க. போயிட்டு வாங்க. அடுத்த வருஷமும் வரணும்."

அடுத்த கை.

"எடுத்துக்குங்க. போயிட்டு வாங்க. அடுத்த வருஷமும் வரணும்."

அதற்கும் அடுத்த கை.

"எடுத்துக்குங்க. போயிட்டு வாங்க. அடுத்த வருஷமும்..."

அந்தக் கையில் வளையல் இல்லை. லோசனி அதைப் பார்த்தபோது பை கைமாறிவிட்டிருந்தது. நிமிர்ந்தாள். ரவிக்கைத் துணி, கண்ணாடி, குங்குமச்சிமிழ், சீப்பு ஆகியவை அடங்கிய பையை மழித்த தலையுடன் நின்ற தவமணி அம்மை ஏந்தியிருந்தார். அவர் இன்னும் உட்காரக்கூட இல்லை.

"ஐயோ, அம்மா! எப்ப வந்தீங்க?"

"நீங்க போயிட்டு வாங்கன்னு சொல்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

சௌந்தரம் வாயைப் பொத்திக்கொண்டாள். லோசனியின் கண்கள் நிறைந்தன.

"மன்னிக்கணும்மா. கை தன் பாட்டுக்குக் குடுத்துடுச்சு."

"கையைக் குறை சொல்லாதீங்க. பாவம், விடியறதுக்கு முன்னாலேர்ந்து உழைக்குது."

தவமணி அம்மை பையைக் கீழே வைத்துவிட்டுக் கொலுவின் அருகே சென்றார். கீழ்ப்படியில் நெல் குத்தும் பெண் ஒருத்தி உலக்கையை ஓங்கியபடி நின்றாள். மண் பொம்மை, பழையது. அவர் அதை இரண்டு கைகளாலும் எடுத்தார். உறங்கிவிட்ட குழந்தையைப் பாயில் விடுவதுபோல மெல்லப் படியில் படுக்க வைத்தார்.

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கொலு வைக்கும் வீடுகளில் விஜயதசமி இரவு ஏதேனும் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். கொலு நிறைவுற்றது, எல்லோரும் உறங்கப் போகிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். மறுநாள் பொம்மைகள் பெட்டிக்குத் திரும்பும். அந்த நாளுக்கு முன்பாக எந்த வீட்டிலும் எவரும் அவ்வாறு செய்ததில்லை.

"என்னம்மா இது?" லோசனி தட்டை வைத்துவிட்டு ஓடிவந்தாள். "விஜயதசமிக்கு இன்னும் நாள் கிடக்கே!"

"ரொம்பக் களைச்ச முகம் ஒண்ணு இங்கே கண்ணில பட்டுது. அதான்."

"பொம்மைக்கு ஏதும்மா களைப்பு?"

"அப்படியா? அப்ப வேற யாரோட முகமோ தெரியலை."

லோசனி படுத்திருந்த பொம்மையைப் பார்த்தாள். அது மல்லாந்து கிடந்த நிலையிலும் உலக்கையை விடவில்லை.

"நிமிர்த்தி வச்சிடட்டுமா, அம்மா?"

"தூங்கறவங்களை எழுப்ப எனக்கு மனசு வராது. உங்களுக்கு வந்தா எழுப்புங்க."

அவர் ஒரு பிடி புட்டை வாங்கி உண்டார். நன்றாக இருக்கிறது என்றார். பையிலிருந்த சீப்பை எடுத்து லோசனியின் கையில் வைத்து, "இது உங்களுக்கு உதவும்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

அவர் தெருமுனையைக் கடக்கும் முன்பே கூடத்திலிருந்த பெண்களிடையே வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

"குரு கை பட்டதை நிமிர்த்தலாமா?"

"நிமிர்த்தாம விட்டா, முடிஞ்ச கொலுவுக்கா தினம் விளக்கேத்துவாங்க?"

"படுத்ததை எழுப்பினா வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்வாங்க."

"யார் சொல்வாங்க?"

"சொல்வாங்க."

இறுதியில் சௌந்தரம் தீர்ப்பு வழங்கினாள். "தப்பா நினைச்சுக்காதே லோசனி. கொலு முடிஞ்ச வீட்டுக்குத் தாம்பூலத்துக்கு வர்றது முறையில்லே."

மறுநாள் அந்தத் தெருவில் எவரும் லோசனியின் வீட்டுப் படியேறவில்லை.

அவள் பொம்மையை நிமிர்த்துவதற்காகப் பலமுறை போனாள். கை நீளும்; பிறகு தானாகவே திரும்பிவிடும். ஊறவைத்த கொண்டைக்கடலை பாத்திரத்தை மீறி உப்பியிருந்தது. கட்டிவைத்த தாம்பூலப் பைகள் மூலையில் கிடந்தன. பார்ப்பவர் இல்லாததால் ரயிலை நிறுத்தினாள். அம்பாளுக்கு விளக்கு மட்டும் ஏற்றினாள். அதன் பிறகு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. எனவே உட்கார்ந்தாள்.

கடையிலிருந்து வந்த தாயுமானவன் கூடத்தைக் கண்டு திகைத்து நின்றார்.

"என்னது, நம்ம வீட்டுல உட்கார இடம் இருக்கு?"

"கேலி பண்ணாதீங்க. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டுமே. நவராத்திரியில எனக்குப் பின்பக்க வாசல்தானே? இன்னிக்குத்தான் முன்வாசல் வழியா வந்திருக்கேன்."

அவர் அவளுக்கு அருகில் அமர்ந்தார். அவள் சுண்டலை ஒரே கிண்ணத்தில் கொண்டுவந்தாள். இருவரும் அதிலிருந்து எடுத்து உண்டார்கள்.

"இந்தச் செட்டியார், எங்க அத்தை குடுத்ததுதானே?"

"ஆமாங்க. நம்ம கல்யாணத்துக்கு."

"கடையில என்னென்ன சரக்கு வச்சிருக்கார்னு இப்பத்தான் பார்க்கறேன்."

 அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"லோசனி, ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருக்கேன்."

"சொல்லுங்க."

"போன வருஷம் உமையாள் வந்திருந்தாளே, அப்ப அவளுக்குக் கடுமையான காய்ச்சல்."

"எங்கே? ஓசூர்லயா?"

"இங்கேதான். மாடியில. அம்மாகிட்ட சொல்ல வேண்டாம், கொலு வேலையில இருக்கான்னுட்டா. நான்தான் கடையிலேர்ந்து மருந்து கொண்டுவந்து குடுத்தேன்."

லோசனி மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். 

"மாடிப்படியில நின்னு என்னைக் கூப்பிட்டா" என்றாள் மெதுவாக. "'அம்மா, கொஞ்சம் மேல வாயேன்'னு. ஆமாம். கூப்பிட்டா."

"குங்குமம் குடுத்துக்கிட்டு இருந்தே. 'இதோ வரேன்'னு சொன்னே."

"போனேனா?"

தாயுமானவன் இல்லையென்று தலையசைத்தார். "நானும் வாயைத் திறந்திருக்கணும்" என்றார்.

லோசனி கைப்பேசியை எடுத்துக்கொண்டு அங்கேயே, கொலுவின் முன்னாலேயே அமர்ந்து மகளை அழைத்தாள்.

"என்னம்மா, விளக்கு வைக்கற நேரத்துல கூப்பிடறே? யாரும் வரலையா?" உமையாளின் குரலில் ஐயம் இருந்தது.

"வரலை. கொலுவைப் படுக்க வச்சாச்சு."

"என்னது? நீயா?"

லோசனி நடந்ததைச் சொன்னாள். குருவை வாசலோடு அனுப்பப் பார்த்ததைச் சொன்னாள். பையில் சீப்பு இருந்ததைச் சொன்னாள்.

"சீப்பா? அவங்களுக்கா? அம்மா!" உமையாள் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். லோசனிக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் மூச்சு வாங்கும்வரை சிரித்து ஓய்ந்தார்கள்.

"கண்ணு."

"ம்?"

"போன வருஷம் காய்ச்சல் எவ்வளவு இருந்துது?"



"அப்பா சொல்லிட்டாரா?"

"எவ்வளவு இருந்துதுடி?"

"நிறைய இருந்துதும்மா."

 லோசனி இணைப்பைத் துண்டிக்கவில்லை. உமையாளும் துண்டிக்கவில்லை. இரண்டு ஊர்களில் இரண்டு பேர் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் கைப்பேசியைக் காதில் வைத்திருந்தார்கள்.

ஆயுதபூசைக்கு முதல் நாள் உமையாள் வந்து சேர்ந்தாள்.

வந்தவள் பையைக்கூட மாடிக்குக் கொண்டுபோகவில்லை. கூடத்தில் பாயை விரித்து, கொலுவுக்கு நேரே தலையணையைப் போட்டுக்கொண்டாள். மலையின் ஓரத்தில் கடுகுப் பயிர் வாடியிருந்தது. கையால் தண்ணீர் தெளித்தாள். லோசனி வடைக்கு உளுந்து ஊறப்போட எழுந்தபோது, "எதுக்கும்மா?" என்றாள். லோசனி சற்று நின்றாள். பிறகு வந்து அமர்ந்தாள். அன்றைய நைவேத்தியம் வெல்லமும் வாழைப்பழமும்.

மாலையில் சௌந்தரம் எட்டிப் பார்த்தாள். "தாம்பூலத்துக்கு வரலேம்மா. சும்மாதான் வந்தேன்."

"சும்மா வாங்க அக்கா" என்றாள் லோசனி.

சும்மா வந்தவள் இருட்டும்வரை போகவில்லை. பேச்சு எங்கெங்கோ போயிற்று. காலையில் வீட்டாருக்காகச் செய்து மீந்திருந்த சுண்டலைக் கொறித்தபடி, "ஏண்டி லோசனி, இத்தனை வருஷமா உன் வீட்டுச் சுண்டலை நடந்துகிட்டேதான் தின்னிருக்கேன். உப்புக் கம்மின்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றாள். உமையாள் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள்.

அன்றும் மறுநாளும் அவ்வாறே கழிந்தன. உமையாள் தன் வேலையைப் பற்றிப் பேசினாள். பிடிக்காத மேலாளரைப் பற்றிப் பேசினாள். பாதியில் உறங்கினாள்; விழித்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஒவ்வொரு முறை விழித்தபோதும் பக்கத்துப் பாயைக் கையால் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் லோசனி அங்கேயே இருந்தாள்.

விஜயதசமிக் காலை. குருவை வணங்கும் நாள் ஆதலால் மடத்தில் கூட்டம் மிகுந்திருந்தது. மாணவர்கள் தட்டுகளுடன் வரிசையில் நின்றார்கள். லோசனியும் பழங்களும் நூற்புடவையும் வைத்த தட்டுடன் நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அடிக்கடி சாலையைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் முறை வந்ததும் தட்டை வைத்து வணங்கினாள்.

"அம்மா, ஒரே ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"இன்னிக்கு ராத்திரி முறைப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கணும். எங்க வீட்டுல ஒருத்தி முன்னாலயே படுத்திருக்கா. அவளை எழுப்பி மறுபடி படுக்க வைக்கறதா? இல்லே, பக்கத்துல இன்னொண்ணைப் படுக்க வைக்கறதா? தெருவில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுக்கும், எது சரின்னு உங்களைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

தவமணி அம்மை தட்டிலிருந்த புடவையைத் தொட்டுப் பார்த்தார். "உமையாள் என்ன செய்யறா?"

"தூங்கறாம்மா. எழுப்பலை."

"நீங்க இங்கே வந்தது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ எழுந்துக்கறதுக்குள்ள ஓடி வீட்டுக்குப் போயிடலாம்னு நினைச்சேன். வரிசை இவ்வளவு நீளம்னு தெரியலை. சாயங்காலம் அவளுக்கு பஸ். ஆனா விஜயதசமி அன்னிக்குக் குருவை வணங்காம எப்படிம்மா இருக்கறது?"

தவமணி அம்மை எழுந்தார். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் லோசனியின் முழங்கையைப் பற்றி, வாழைகளுக்கு ஊடே சாலைவரை அழைத்துச் சென்றார். போகிற ஆட்டோ ஒன்றைத் தாமே கைகாட்டி நிறுத்தினார். லோசனி ஏறி அமர்ந்த பிறகு குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"அவ சாயங்காலம் கிளம்பறா, லோசனி. நான் இங்கேதான் இருப்பேன்."